உருவம் ஒன்று, உறவு வேறு

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு)

ஐரோப்பாவின் வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். நாடுகள் சிறியவை, மொழிகள் பல. அம்மொழிகளில் பெரும்பாலானவை நாம் ஆங்கிலத்திற்குப் பயன்படுத்தும் அதே ரோமன் எழுத்துகளையே சிற்சில மாறுதல்களுடன் பயன்படுத்துகின்றன. எழுத்துகள் 26, சொற்களோ இலட்சக்கணக்கானவை. ஆகவே மூன்று அல்லது நான்கு எழுத்துகளால் ஆன ஒரு சின்னஞ்சிறு சொல், ஒரு நாட்டில் ஒரு பொருளிலும் அடுத்த நாட்டில் வேறொரு பொருளிலும் வழங்குவது அங்கே அன்றாட நிகழ்ச்சி. நீளமான சொற்களால் இந்தத் தொல்லை அதிகம் இல்லை. குட்டிச் சொற்கள்தாம் ஆளை ஏமாற்றும்.

இப்படி ஒரே உருவில் தோன்றும் சொற்களில் இரண்டு வகை உண்டு. ஒரு தாய் வயிற்றில் பிறந்து, பிரிந்து போய், குணம் மாறிவிட்ட உடன்பிறப்புகள் ஒரு வகை. எந்த உறவும் இல்லாமல் தற்செயலாக ஒரே முகச்சாயலைப் பெற்ற அந்நியர்கள் மற்றொரு வகை. எது எந்த வகை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பூர்விகத்தை விசாரிக்க வேண்டும். தோழியரே, சில சொற்களின் பூர்விகத்தை இங்கே விசாரித்துப் பார்ப்போமா?

முதலில் ‘கிஃப்ட்’. ஜி, ஐ, எஃப், டி என்ற நான்கு எழுத்து. ஆங்கிலத்தில் இதற்குப் பரிசு, அன்பளிப்பு என்று பொருள் என்பது ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும். ஜெர்மனியில் இதே நான்கு எழுத்து ஒரு புட்டியின் மேல் எழுதியிருந்தால் அதைத் தொடாமல் விலகிப் போக வேண்டும். அங்கே ‘கிஃப்ட்’ என்றால் நஞ்சு!

பரிசும் நஞ்சும் அந்நியர்களா என்றால், இல்லை, உடன்பிறந்தவை. ஆங்கிலத்தில் ‘கிவ்’ என்றும் ஜெர்மனில் ‘கேபன்’ என்றும் வழங்கும், ‘கொடு’ என்னும் பொருளுடைய வினையின் குடும்பத்தைச் சேர்ந்தவை. பழைய ஜெர்மனிலும் ‘கிஃப்ட்’ என்றால் கொடுக்கப்படுவதுதான். பின் நஞ்சு எப்படி வந்தது? கிரேக்கர்கள் நோயாளிக்கு ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவை ‘டோஸிஸ்’ என்றார்கள். ‘கொடுத்தல்’ என்பதே அதன் நேர்ப்பொருள். இன்று டாக்டர் ‘ஒரு டோஸ்’ என்று சொல்வதும் அதுவே. இலத்தீன் வழியாக இச்சொல்லை அறிந்த ஜெர்மானியர் அதைத் தம் மொழியில் ‘கிஃப்ட்’ என்று பெயர்த்துக்கொண்டார்கள். நலத்துக்காகக் கொடுத்தது போய், கெடுதலுக்காகக் கொடுத்ததையும் அச்சொல் குறிக்கத் தொடங்கிற்று. நஞ்சு என்று பச்சையாகச் சொல்ல வாய் கூசும் இடத்தில் ‘கொடுத்தது’ என்று நயமாகச் சொல்லியிருக்கிறார்கள். இலக்கண வகுப்பில் ‘மங்கலம்’ என்று படித்தோமே, கிட்டத்தட்ட அதே முறை. நாமும் இதில் சளைத்தவர்கள் அல்லர். வயலில் தெளிக்கும் நஞ்சைப் பூச்சிமருந்து என்கிறோம். எலியைக் கொல்வதற்கு எலிமருந்து என்று பெயர் வைத்திருக்கிறோம்.

சுவீடன், நார்வே, டென்மார்க் ஆகிய நாடுகளில் கதை இன்னும் நீள்கிறது. அங்கே இந்த நான்கெழுத்துக்கு நஞ்சு என்ற பொருளும் உண்டு. ‘மணமானவர்’ என்ற பொருளும் உண்டு. இதைச் சொன்னவுடன் என் தோழிகள் ‘இரண்டும் ஒன்றுதானே!’ என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். உண்மைக் காரணம் வேறு. முற்காலத்தில் அங்கே தகப்பன் தன் மகளை மணமகனுக்குக் கொடுத்தான். கொடுக்கப்பட்டவள் ‘கிஃப்ட்’. இன்று மணமான ஆண், பெண் இருவருக்கும் அச்சொல்லே வழங்குகிறது. ஆனாலும் அதன் அடியில் கிடப்பது பெண்ணைக் கொடுத்த செய்திதான்.

ஜெர்மனிலும் பழைய பொருள் அடியோடு அழிந்துவிடவில்லை. ஒரு கூட்டுச் சொல்லில் ஒளிந்துகொண்டிருக்கிறது. அது ‘மிட்கிஃப்ட்’, ‘கூடவே கொடுத்தது’ என்று பொருள். அதாவது வரதட்சணை. நம் ஊரிலும் ‘பெண் கொடுத்தார், பெண் எடுத்தார்’ என்றுதானே பேசுகிறார்கள்? வடமொழியில் இதற்குக் கன்னிகாதானம் என்று பெயர். அந்தத் ‘தானம்’ என்ற சொல்லும் கிரேக்கரின் ‘டோஸிஸ்’ என்ற சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை என்று அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் நாட்டில் வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் சென்ற ஆண்டு எங்கள் தெருவில் பட்டப்படிப்பு முடித்த ஓர் அக்காவின் கல்யாணப் பேச்சு நகைக் கணக்கில் முறிந்துபோயிற்று. ‘எத்தனை பவுனோடு கொடுப்பீர்கள்?’ என்பதுதான் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வியாம். அவர்கள் வாயில் வந்த வினைச்சொல்லைக் கவனியுங்கள்.

எலிமருந்து என்றேன் அல்லவா? அந்த எலிக்கே வருவோம். ஆர், ஏ, டி என்ற மூன்றெழுத்து ஆங்கிலத்தில் எலி. ஜெர்மன் நகரங்களின் நடுவே கம்பீரமாக நிற்கும் கட்டடம் ஒன்றின் பெயரில் இதே மூன்றெழுத்து முன்னால் நிற்கும். ‘ராட்ஹவுஸ்’ என்பது அதன் பெயர். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் பலகையைப் படித்தால் ‘எலி வீடு’ என்று மிரண்டுபோவார். உண்மையில் அது நகரசபை மண்டபம். ஜெர்மனில் ‘ராட்’ என்றால் ஆலோசனை. ஆலோசனை கூறும் சபைக்கும் அதே பெயர். ஆங்கிலத்தில் இதற்கு உறவினர் எலி அன்று. ‘ரீட்’ என்ற வினைச்சொல்தான். பழைய ஆங்கிலத்தில் அதற்கு ஆலோசனை கூறு, விடுகதையை விடுவி, உட்பொருளை ஊகி என்றெல்லாம் பொருள் இருந்தது. எழுத்தைப் பார்த்து உட்பொருளை அறிவதையும் அச்சொல்லாலேயே குறித்தார்கள். அது ‘படி’ என்றாயிற்று. நம் தாத்தாக்கள் சிலருக்கு வாய்த்த ‘ஆல்ஃபிரட்’ என்ற ஞானஸ்நானப் பெயரின் கடைசி அசையும், ‘கொன்ராட்’ என்ற பெயரின் கடைசி அசையும் இந்த ஆலோசனையே. எலிக்கு அங்கே இடமில்லை.

அட்ரியாட்டிக் கடலோரத்தில் உள்ள குரோவேசியாவில் இதே மூன்றெழுத்துக்குப் போர் என்று பொருள். 1991 முதல் 1995 வரை அந்நாட்டில் போர் நடந்தது. எலியை நினைவூட்டும் இந்தச் சொல்லை அங்குள்ள குழந்தைகள் எந்த முகத்தோடு கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். வடக்கே டென்மார்க்கில் மோட்டார் ஓட்டுபவர் கையில் பிடித்திருக்கும் ஸ்டியரிங் சக்கரத்தின் பெயரும் ‘ரட்’. சக்கரத்தைக் குறித்த வடஜெர்மானியச் சொல் ஒன்று அங்கே போய்க் குடியேறியது. இலத்தீனில் சக்கரத்துக்கு ‘ரோட்டா’, வடமொழியில் ‘ரதம்’. எல்லாம் ஒரே குடும்பம். ஆக மூன்றே எழுத்து. எலி, ஆலோசனை, போர், சக்கரம் என நான்கு உரிமையாளர்கள். அவர்களுக்குள் ஒருவருக்கொருவர் உறவு கிடையாது.

எங்கள் வகுப்பில் மிகுந்த சலசலப்பை உண்டாக்கிய சொல் ‘ஹெல்’. ஆங்கிலத்தில் நரகம், மறைத்தல், மூடுதல் என்ற பொருளுடைய பழைய வேரிலிருந்து வந்தது. ஜெர்மனில் இதே எழுத்துகளுக்கு வெளிச்சமான, பளிச்சென்ற என்று பொருள். அங்கே துணிக்கடையில் இளநீல நிறத் துணி வேண்டுமானால் ‘ஹெல்பிளாவ்’ என்று கேட்க வேண்டும். நார்வேயிலோ இதற்கு அதிர்ஷ்டம் என்று பொருள். அதோடு நின்றதா? அந்நாட்டின் துரோன்ஹெய்ம் நகருக்கு அருகில் ‘ஹெல்’ என்றே ஓர் ஊர் இருக்கிறது. இரயில் நிலையமும் இருக்கிறது. பாறைக் குடைவைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து அவ்வூருக்குப் பெயர் வந்தது. அந்த நிலையச் சுவரில் சரக்கு அனுப்பும் பகுதிக்கு ‘கோட்ஸ் எக்ஸ்பெடிஷன்’ என்று பழைய பலகை. சரக்கு என்பதற்கான நார்வேச் சொல்லை ஆங்கிலேயர் ‘கடவுளுடைய’ என்று படித்துவிடுவார்கள். நரகத்தில் கடவுளின் அலுவலகமா என்று வியந்து, பலகையின் கீழ் நின்று படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள் சுற்றுலாப் பயணிகள்.

நரகத்தைச் சொன்னபின் பாவத்தை விடலாமா? எஸ், ஐ, என் என்பது ஆங்கிலத்தில் பாவம். ஸ்பானிய மொழியில் ‘இல்லாமல்’ என்று பொருள். இலத்தீனின் ‘ஸினே’ தேய்ந்து இப்படி ஆயிற்று. சர்க்கரை இல்லாத பண்டத்தின் மேல் அங்கே இந்தச் சொல்லை அச்சிட்டிருப்பார்கள். அமலோற்பவ அன்னையைப் ‘பாவமின்றி உற்பவித்தவர்’ என்று ஸ்பானியர் வாழ்த்தும்போது ‘ஸின் பெக்காடோ’ என்பார்கள். அதில் ‘ஸின்’ என்பது ‘இன்றி’. பாவத்தைக் குறிப்பது அடுத்த சொல். குரோவேசியர் சிலுவை அடையாளம் வரையும்போது, நாம் ‘சுதன்’ என்று சொல்லும் இடத்தில் இந்த ‘ஸின்’ என்ற சொல்லையே வேற்றுமை உருபோடு சொல்கிறார்கள். அவர்கள் மொழியில் மகன் என்று பொருள். ஆங்கிலத்தின் ‘ஸன்’, வடமொழியின் ‘ஸூனு’ இரண்டும் அதற்கு இரத்த உறவு. 1842-இல் சென்னைக்குக் கப்பலேறி வந்த பிரசன்டேஷன் சபைச் சகோதரிகளின் தாய்நாடான அயர்லாந்தின் பழைய மொழியில் இதே எழுத்துகளை ‘ஷின்’ என்று ஒலித்து, ‘அது’ என்று பொருள் கொள்கிறார்கள்.

‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டிலாவது ஐரோப்பியர் ஒன்றுபட்டிருக்கக் கூடாதா? என், ஓ என்ற இரண்டெழுத்து ஆங்கிலம், ஸ்பானிஷ், இத்தாலியன் மூன்றிலும் ‘இல்லை’. ரஷ்ய மொழியில் ‘நோ’ என்ற ஒலிக்கு ‘ஆனால்’ என்று பொருள். போலந்து, செக் நாடுகளில் பேச்சுவழக்கில் ‘ஆமாம், சரி’ என்று ஒத்துக்கொள்ளும் சொல். போர்ச்சுக்கீசியத்தில் ஏறக்குறைய நம் ஏழாம் வேற்றுமையின் வேலையைச் செய்கிறது. இதைவிடச் சங்கடம் கிரீஸ் நாட்டின் வடஎல்லையில் காத்திருக்கிறது. கிரேக்கத்தில் ‘நே’ என்றால் ஆம். எல்லையைக் கடந்து பல்கேரியாவில் கால் வைத்தால் ‘நே’ என்றால் இல்லை. போதாக்குறைக்குப் பல்கேரியர் சம்மதம் சொல்லும்போது தலையைப் பக்கவாட்டில் அசைப்பார்கள். மற்ற ஐரோப்பியர்தாம் இதில் திணற வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு அது பழக்கம்தானே!

கிரேக்கர் ‘இல்லை’ என்பதற்கு ‘ஓஹி’ என்பார்கள். 1940 அக்டோபர் 28-ஆம் நாள், தம் படைகள் கிரீஸில் நுழைய வழிவிட வேண்டும் என்று முசோலினி இறுதி எச்சரிக்கை அனுப்பினார். கிரேக்கப் பிரதமர் மெத்தாக்ஸாஸ் மறுத்துவிட்டார், போர் மூண்டது. அந்த நாளை ‘ஓஹி நாள்’ என்று அவர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். ஒரு மறுப்புச் சொல்லுக்காகப் பள்ளி விடுமுறை!

‘ஆம்’ என்பதன் வரலாறு இன்னும் சுவையானது. பழைய இலத்தீனில் ‘ஆம்’ என்பதற்கென்று தனிச்சொல் கிடையாது. ‘ஸிக்’, அதாவது ‘அப்படியே’ என்பது போன்ற சொற்களால் சமாளித்தார்கள். இத்தாலியரும் ஸ்பானியரும் அந்த ‘ஸிக்’ என்பதையே ‘ஸி’ என்று சுருக்கி ‘ஆம்’ ஆக்கிக்கொண்டார்கள். பிரான்சின் தென்பகுதியினர் ‘இது’ என்று பொருள்படும் ‘ஹோக்’ என்ற சொல்லை எடுத்து ‘ஓக்’ என்றார்கள். வடபகுதியினர் அதனோடு இன்னொரு சொல்லையும் சேர்த்து ‘ஓயில்’ என்றார்கள்; அது தேய்ந்து இன்றைய ‘உய்’ ஆயிற்று. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியக் கவிஞர் தாந்தே இம்மொழிகளை ‘ஆம்’ என்ற சொல்லைக் கொண்டே மூன்றாகப் பிரித்தார். தென்பிரான்சில் ஒரு நிலப்பகுதிக்கு ‘லாங்டாக்’, அதாவது ‘ஓக் மொழி’ என்றே பெயர் வந்துவிட்டது. லூர்து நகரில் 1858-இல் தமக்குக் காட்சி தந்த அன்னை பேசியதாகப் பெர்னதெத் கூறியதும் பாரிஸ் நகரத்துப் பிரெஞ்சு மொழியில் அன்று; அந்த மலைநாட்டு ஏழைகள் பேசிய இந்த ‘ஓக்’ மொழியில்தான்.

பிரெஞ்சுக்காரர்களிடமும் ‘ஸி’ உண்டு. ஆனால் அதற்கு வேறு வேலை. ‘நீ சாப்பிடவில்லையா?’ என்று யாராவது கேட்டால் ‘சாப்பிட்டேனே!’ என்று நாம் ஓர் ஏகாரம் போட்டு மறுப்போம் அல்லவா? அந்த ஏகாரத்தின் இடத்தில் அவர்கள் ‘ஸி’ என்பார்கள். போலந்தில் ‘ஆம்’ என்பது ‘தக்’. அதுவும் ‘அப்படி’ என்ற சொல்தான். டென்மார்க்கில் ‘தக்’ என்றால் நன்றி. சுவீடனில் அதே எழுத்துகளை நீட்டி ஒலித்தால் வீட்டின் கூரை. நம் ‘ஆம்’ என்பதும் ‘ஆகும்’ என்பதன் சுருக்கமே.

வேதனை என்று பொருள்படும் ஆங்கிலப் ‘பெயின்’ என்ற சொல்லை அதே எழுத்துகளோடு பிரெஞ்சில் எழுதினால் ரொட்டி. ஆங்கிலச் சொல் இலத்தீனில் தண்டனையைக் குறித்த ‘போயெனா’ வழி வந்தது. பிரெஞ்சுச் சொல் ரொட்டியைக் குறித்த ‘பானிஸ்’ வழி வந்தது. ‘பானிஸ்’ போர்ச்சுக்கீசியர் வாயில் மேலும் மாறி, அவர்களோடு கடல் கடந்து கீழ்த்திசைக்கு வந்தது. இலங்கைத் தமிழர் ரொட்டியைப் ‘பாண்’ என்பது இதனால்தான். நம் வீட்டு அலமாரியும் ஜன்னலும் சாவியும் அதே போர்ச்சுக்கீசியர் தந்த பெயர்களே.

இதுவரை உருவம் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் இருந்த சொற்களைப் பார்த்தோம். உருவமும் பொருளும் ஒத்திருந்தால் உறவு என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் கூடாது. நாள் என்பதற்கு ஸ்பானிய மொழியில் ‘தியா’, இலத்தீனில் ‘தியேஸ்’, ஆங்கிலத்தில் ‘டே’. இவை மூன்றும் ரோமன் வரிசையின் 4-ஆம் எழுத்தில் தொடங்குகின்றன. பொருளும் ஒன்றே. ஆயினும் ஆங்கிலச் சொல்லுக்கும் மற்ற இரண்டுக்கும் உறவே இல்லை! எப்படித் துணிந்து சொல்கிறார்கள்?

தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களை நாம் அறிவோம். அவர்களில் மூத்தவரான யாக்கோபு கிரிம் பெரிய மொழியறிஞர். 1822-இல் வெளியிட்ட இலக்கண நூலில் அவர் ஓர் ஒழுங்கை விளக்கினார். இலத்தீன் சொல்லின் முதலில் ‘ப’ ஒலி இருந்தால் அதன் உறவான ஆங்கிலச் சொல்லில் ‘ஃப’ ஒலி இருக்கும். ‘பாட்டர்’ என்பது ‘ஃபாதர்’. ‘பிஸ்கிஸ்’ என்பது ‘ஃபிஷ்’. இலத்தீனில் 4-ஆம் எழுத்து இருந்தால் ஆங்கிலத்தில் 20-ஆம் எழுத்து இருக்கும். (தமிழில் இரண்டையும் டகரத்தால் எழுதவேண்டியிருப்பதால் எண்ணிட்டுச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) ‘துவோ’ என்பது ‘டூ’, ‘தெக்கெம்’ என்பது ‘டென்’. இந்த ஒழுங்குப்படி ‘தியேஸ்’ என்பதற்கு ஆங்கிலத்தில் உறவு இருந்தால் அது 20-ஆம் எழுத்தில் தொடங்க வேண்டும். ‘டே’ அப்படித் தொடங்கவில்லை. ஆனால் தேடினால் அந்த உறவு கிடைக்கிறது. பழைய ஆங்கிலேயர் வணங்கிய ‘டீவ்’ என்ற தெய்வத்தின் பெயரே அது. அத்தெய்வத்தின் பெயரால் அமைந்த கிழமை ‘டியூஸ்டே’. அந்தச் செவ்வாய்க்கிழமையின் முன்பாதிதான் ‘தியேஸ்’ என்பதற்கு உறவு. நாள் என்று பொருள்படும் பின்பாதி அந்நியம்.

தமிழ் ‘எட்டு’ என்பதிலிருந்துதான் ஆங்கில ‘எயிட்’ வந்தது என்று மேடைகளில் சிலர் முழங்குவதை நீங்களும் கேட்டிருக்கலாம். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. பூர்விகத்தை விசாரிப்போம். எட்டு என்பதன் பழைய வடிவம் ‘எண்’. எண்பது, எண்ணூறு, எண்திசை என்ற சொற்களில் அது இன்றும் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லிலோ ஒலிக்காத இரண்டு எழுத்துகள் நடுவில் நிற்கின்றன. முன்பு அங்கே தொண்டையில் பிறக்கும் ஓர் ஒலி இருந்தது. ஜெர்மனில் ‘அஹ்ட்’ என்று அது இன்னும் கேட்கிறது. இலத்தீனில் ‘ஆக்டோ’, வடமொழியில் ‘அஷ்ட’. பழைய ரோமானியர் ஆண்டில் எட்டாவது மாதமாக இருந்ததால்தான் அக்டோபருக்கு அப்பெயர். பின்னோக்கிப் போகப் போக எட்டும் ‘எயிட்’டும் நெருங்கவில்லை, விலகிக்கொண்டே போகின்றன. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் உண்மையிலேயே இருக்கின்றன. கட்டுமரம் என்ற சொல் ஆங்கில அகராதியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பொய்ச்சாட்சி சொல்லி ‘எயிட்’டையும் சேர்க்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

இடம் போதாமையால் விட்டுப்போனவை பல. ஆங்கிலத்தில் ‘நான்கு’ என்று பொருள்படும் சொல் பிரெஞ்சில் அடுப்பு. ‘ஒருமுறை’ என்பது ஸ்பானிய மொழியில் பதினொன்று. ‘சிவப்பு’ என்பது அங்கே வலை. ஒன்றை மட்டும் உங்களுக்கே விட்டுவிடுகிறேன். எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்பவற்றில் நடுவே நிற்கும் ‘கே’, ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரோபெல் 1840-இல் தம் மழலையர் பள்ளிக்குச் சூட்டிய ‘குழந்தைகள் தோட்டம்’ என்ற பெயரிலிருந்து வந்தது. அதில் குழந்தையைக் குறிக்கும் சொல் ‘கிண்ட்’. இரக்கமுள்ள என்று பொருள்படும் ஆங்கிலக் ‘கைண்ட்’ என்பதற்கும் அதே நான்கு எழுத்துதான். இவை இரண்டும் உறவா, அந்நியமா? நம் நூலகத்தின் இரண்டாவது அலமாரியில், மேல்தட்டில், தடித்த அகராதி ஒன்று இருக்கிறது, புரட்டிப் பாருங்கள்.